டயட் இல்லை, வாக்கிங் இல்லை... எடை மட்டும் ஏன் குறைகிறது?

எடையைக் குறைக்க வழி கேட்டு வரும் கடிதங்கள்தான் இந்தப் பகுதிக்கு எப்போதும் அதிகம். போன இதழில் "நீங்கள் எதுவும் செய்யாமலேயே எடை குறைகிறதா? எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தபோது, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அவசரமாகப் பட்ட கடிதங்களுக்குத் தனியாகவும் பதில் போய்விட்டது. பெயரையும் ஊரையும் எல்லோருக்குமே எடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு 47 வயசு. மளிகைக் கடை வச்சிருக்கார். பொங்கல் சமயத்துல 78 கிலோ இருந்தவர், இப்போ 71. சாப்பாட்டுல குறையே இல்ல, சொல்லப்போனா முன்னைவிட அதிகமா சாப்பிடுறார். கடைக்கு வர்றவங்க எல்லாம் "அண்ணாச்சி, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க"ன்னு சொல்றதுல அவருக்கும் சந்தோஷம். ஆனா ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போறார். கேட்டா, "வெயில் காலம், தண்ணி நிறைய குடிக்கிறேன், அதான்"ங்கிறார். டாக்டர்கிட்ட போலாம்னா "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"னு சொல்லிடுறார். நான்தான் வீணா பயப்படுறேனா?

பதில்: இல்லை அம்மா, நீங்கள் சரியாகத்தான் பயப்படுகிறீர்கள். இதைப் படித்த கையோடு, நாளைக் காலையிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரை நோயைத்தான்.

தண்ணீர் நிறைய குடிப்பதால் சிறுநீர் போகிறது என்று அவர் நினைக்கிறார். நடப்பது நேர்மாறு. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் பிடித்து வைக்க முடியாது, மிச்சம் சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வற்றுகிறது, அதனால் தாகம், அதனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர். வெயில் காலம் முடிந்தாலும் இது நிற்காது.

எடை ஏன் இறங்குகிறது என்றால், ஒரு கிராம் குளுக்கோஸ் என்பது 4 கலோரி. ஒரு நாளில் 100 கிராம் சிறுநீரில் போனால் 400 கலோரி போச்சு, ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற கதைதான் இது, அவர் அதிகமாகச் சாப்பிட்டும் நிற்காததற்கு இதுவே காரணம். இன்சுலின் பற்றாததால் உள்ளே இருக்கிற சர்க்கரையையும் தசையால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. உடம்பு பட்டினி கிடப்பதாகவே எடுத்துக்கொண்டு, முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் கரைத்துச் செலவு பண்ண ஆரம்பிக்கிறது. தொடையும் தோளும் வற்றுவது இதனால்தான். பார்க்கிறவர்கள் தொப்பை குறைந்ததைத்தான் பாராட்டுகிறார்கள், மாடிப்படி ஏறும்போது அவர் கால் தளர்வது அவர்கள் கண்ணில் படாது.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். இவ்வளவு எடை இறங்கியிருப்பதால் ஆரம்பத்தில் கொஞ்ச நாள் இன்சுலின் ஊசி போடச் சொல்லலாம். "இன்சுலின் போட்டால் ஆயுசு முழுக்க ஊசிதான்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள், சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு மாத்திரைக்கு மாறுகிறவர்கள் நிறைய பேர். சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயத் தண்ணீர் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்பதும் இப்போது வேண்டாம்.

இன்னொன்று. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, அரை மயக்கம், வாயில் அழுகிய பழம் போல ஒரு வாடை, இவற்றில் எதுவாவது சேர்ந்தால் அது நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். சின்னப் பிள்ளைகளுக்கும் வாலிப வயதினருக்கும் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில் இது சில வாரங்களிலேயே வந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிற பிள்ளை, படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்திய பிள்ளை, திரும்பவும் நனைக்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள், சர்க்கரை பாருங்கள்.

கேள்வி: எத்தனை கிலோ குறைந்தால் பயப்பட வேண்டும்? எனக்கு மாதா மாதம் ஒரு கிலோ கூடிக் குறைகிறது.

பதில்: ஒரு கிலோ முன்னே பின்னே போவது எல்லோருக்கும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பதற்கும் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பதற்குமே அவ்வளவு வித்தியாசம் வரும். நாங்கள் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: உணவைக் குறைக்கவில்லை, உடற்பயிற்சியைக் கூட்டவில்லை, ஆனாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ போய்விட்டது என்றால் காரணம் தேடியே ஆக வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ, 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ. முதல் கடிதத்தில் இருக்கிறவருக்குப் போயிருப்பது கிட்டத்தட்ட 9 சதவீதம்.

வயதானவர்களுக்கு 5 சதவீதம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பேன். வளர்கிற பிள்ளைகளுக்கு எடை குறையவே வேண்டியதில்லை, ஏறாமல் அப்படியே நின்றாலே விசாரிக்க வேண்டும்.

ஒரே மெஷினில், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, ஏதும் சாப்பிடும் முன் பாருங்கள். வீட்டில் மெஷின் இல்லாதவர்களுக்குத் துணியே சொல்லிவிடும். பெல்ட்டில் புது ஓட்டை, ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கச் சொல்லி டெய்லரிடம் கொடுப்பது, விரலில் மோதிரத்துக்கு நூல் சுற்றுவது, முழங்கை வரை ஏறுகிற வளையல், இதெல்லாம் எங்களுக்கு நல்ல தடயம். டாக்டரிடம் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 26. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை, ஆறு மாதத்தில் 54-ல் இருந்து 48 ஆகிவிட்டேன். ரூம்மேட்ஸ் எல்லாம் "உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது" என்கிறார்கள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஏசியிலும் வியர்க்கிறது, கை லேசாக நடுங்குகிறது. தூக்கமும் சரியில்லை. உடம்பு தேற அஸ்வகந்தா லேகியம் வாங்கிச் சாப்பிடுகிறேன். வேலை டென்ஷன்தான் காரணமா?

பதில்: டென்ஷன் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடலாம் அம்மா. கூடவே எஃப்டி4. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் நீங்கள் எழுதியிருப்பது எல்லாமே வரும். தைராய்டு என்றாலே எடை கூடும் என்றுதான் ஊரில் பேச்சு, அது சுரப்பு குறைந்தால். சுரப்பு கூடினால் எடை இறங்கும், பசி எடுக்கும், மலம் இளகிப் போகும், மாதவிலக்கு தள்ளியோ குறைவாகவோ வரும், முடி கொட்டும்.

ஒரு சின்னச் சோதனை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அதன் மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் படபடவென்று ஆடினால் நடுக்கம் இருக்கிறது. படுத்து எழுந்தவுடன், படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். நூறைத் தொட்டாலோ தாண்டினாலோ இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கண் முன்னால் துருத்துகிறதா, கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருக்கிறதா என்றும் பழைய போட்டோவை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் நல்ல மாத்திரை இருக்கிறது. சிகிச்சை ஆரம்பித்தால் போன எடை திரும்பி வரும். கார்பிமசோல் என்ற மாத்திரையைத் தொடங்கினால் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: திடீர்க் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிதாக அது வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

அஸ்வகந்தாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். அது தைராய்டு சுரப்பைக் கூட்டிவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. உடம்பு தேறச் சாப்பிடுவதே எடையைக் குறைக்கிறதோ என்ற சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிற அம்மாவோ அக்காவோ வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: அளவு கூடிப்போனாலும் இதே படபடப்பும் எடைக் குறைவும் வரும்.

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது, பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு மாதமாக இருமல். மெடிக்கலில் சொல்லி சிரப் வாங்கிக் குடிக்கிறார். சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதப்பாக இருக்கிறது. சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்கிறார். 58 கிலோ இருந்தவர் 49. பீடி பழக்கம் உண்டு. டிபி இருக்குமோ என்று கேட்டதற்கு அம்மா, "அப்படியெல்லாம் வாயால சொல்லாதே, தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தங்கையின் கல்யாணத்துக்கு அப்பா எழுந்து நிற்க வேண்டும், அதை அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, பசியின்மை, எடை குறைவு, இவை இருந்தால் சளியைப் பரிசோதித்தே ஆக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இலவசம். ஜீன் பரிசோதனை, அதாவது சிபிநாட் அல்லது ட்ரூநாட், கிருமி இருக்கிறதா என்பதையும் முக்கியமான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். மெடிக்கல் சிரப் இதில் எதையும் செய்யாது, நாளைத்தான் கடத்தும்.

மளிகைக் கடைக்காரருக்கும் ஹாஸ்டல் பெண்ணுக்கும் பசி இருந்தது, எடை போனது. உங்கள் அப்பாவுக்குப் பசியே போய்விட்டது. இந்த வித்தியாசத்தைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் கேட்பேன். "சாப்பிடுகிறாரா?" என்ற ஒரு கேள்விக்கு வீட்டில் இருப்பவர்கள் சரியாகப் பதில் சொன்னால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். காசநோயில் கிருமியோடு சண்டை போட உடம்பு சுரக்கிற ரசாயனங்களே மூளைக்குப் போய்ப் பசியை அடைக்கின்றன. காய்ச்சல் உள்ளே இருக்கிற கலோரியை எரிக்கிறது. உள்ளே போவது குறைவு, எரிவது அதிகம். எலும்புருக்கி என்று பாட்டிமார் சொன்னது இந்த உருக்குலைவைப் பார்த்துத்தான்.

காசநோய்க்கு சானடோரியத்தில், அதாவது அதற்கென்றே இருந்த தனி ஆஸ்பத்திரியில், படுத்தே ஆக வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அதை மாற்றியது நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய ஆய்வில் ஒரு பகுதி நோயாளிகளைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள், இன்னொரு பகுதியினர் நெருக்கடியான தங்கள் சொந்த வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டார்கள். சானடோரியத்துச் சாப்பாடு நன்றாக இருந்ததால் அங்கிருந்தவர்களுக்கு எடை அதிகம் ஏறியது. ஆனால் குணமானவர்கள் கணக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தே இந்த நோயைக் குணப்படுத்தலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவிவிடவும் இல்லை, மருந்து ஆரம்பித்தால் பரவுவது சீக்கிரமே அடங்கிவிடும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜார்க்கண்டில் 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதா மாதம் உணவுப் பொருளும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் நல்ல சாப்பாடு கொடுத்ததில் புதிதாக நோய் வருவது குறைந்தது. உங்கள் அப்பா 49 கிலோ, அவருக்கு அந்த 5 சதவீதம் என்பது இரண்டரைக் கிலோதான். தினமும் இரண்டு முட்டை, ஒரு கை நிறைய வேர்க்கடலை, பருப்பு, பால், முடிந்தால் மீன். ஒரே வேளையில் தட்டு நிறையப் போட்டு வைத்தால் பார்த்ததுமே வேண்டாம் என்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

நோய் உறுதியானால் மாத்திரை இலவசம், சாதாரண வகை என்றால் 6 மாதம். மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் இருந்து மாதம் 1,000 ரூபாய், நேரே வங்கிக் கணக்குக்கு வரும், கணக்குப் புத்தகத்தையும் ஆதாரையும் கொண்டு போங்கள். மாத்திரையின் எண்ணிக்கை எடையைப் பொறுத்தது, அதனால் எடை ஏறும்போது எண்ணிக்கையும் மாறலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டுபிடித்த உடனேயே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதில் ஏதாவது அப்பாவுக்கு இருந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

சளியில் கிருமி இல்லை என்று வந்துவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பீடி பழக்கம் இருப்பதால் நெஞ்சு எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும் எடுத்து நுரையீரலைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: உடம்பு இளைத்தாலே கேன்சர்தான் என்று சித்தப்பா சொன்னதில் இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. வயது 38, மூன்று மாதத்தில் 2 கிலோ குறைந்திருக்கிறது.

பதில்: இளைப்புக்குக் காரணம் தேடும்போது புற்றுநோயும் பட்டியலில் உண்டு, பட்டியலே அது மட்டும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு வேறு காரணம்தான் தெரியவரும். ஆனால் கூடவே வேறு அறிகுறி இருக்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். முழுங்கும்போது முதலில் இட்லி, சோறு அடைக்கிறது, போகப் போகக் கஞ்சியும் அடைக்கிறது என்றால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், குரல் கம்மல், மலம் தார் போலக் கறுத்துப் போவது அல்லது ரத்தம் கலந்து போவது, மார்பிலோ கழுத்திலோ கட்டி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, இவை எல்லாம் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் என்று உடனே போக வேண்டியவை. நடு வயதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் சோகை என்று ரிப்போர்ட் வந்தால், டானிக் வாங்கிக் குடித்துவிட்டு உட்காராதீர்கள், ரத்தம் எங்கே கசிகிறது என்று குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, எடையும் இறங்கி, முதுகுக்கு ஓடுகிற வயிற்று வலியோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் கணையத்தை ஸ்கேன் செய்ய வேண்டும்.

புற்றுநோயில் எடை குறைவது வெறும் பட்டினியால் இல்லை. கட்டியும் அதை எதிர்க்கிற உடம்பும் சுரக்கும் பொருட்கள் தசையையே உருக்குகின்றன. அதனால்தான் நோயாளி நன்றாகச் சாப்பிட்டாலும் தேறாமல் போவார். "நீங்கதான் சரியா சாப்பிடுறதில்ல" என்று பக்கத்தில் இருந்து திட்டுவது அவரைத்தான் நோகடிக்கும், வேண்டாம்.

உங்கள் 2 கிலோவுக்கு: இப்போதைய எடையை எழுதி வைத்துக்கொண்டு, சாதாரண ரத்தப் பரிசோதனைகளைச் செய்து, ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடை பாருங்கள். தூக்கமில்லாத கவலையே பசியை அடைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. அப்பா இறந்த பிறகு ஊரில் தனியாக இருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் வெளியூர், வெளிநாடு. ஒன்றரை வருடத்தில் 8 கிலோ குறைந்துவிட்டார். போன முறை ஊருக்குப் போனபோது ரத்தம், ஸ்கேன், எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தோம், எல்லாமே நார்மல். "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். போனில் கேட்டால் "சாப்டாச்சு, சாப்டாச்சு" என்கிறார். எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: வயசாச்சு என்பது ஒரு காரணமே இல்லை. வயதாக ஆக எடை கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் மெதுவாக, வருடக் கணக்கில். ஒன்றரை வருடத்தில் 8 கிலோ என்பதற்குக் காரணம் இருக்கிறது, அது ஸ்கேனில் தெரியாத இடத்தில் இருக்கலாம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது லேப்பை விட்டுவிட்டு, இரண்டு நாள் அம்மாவோடு சமையலறையில் உட்காருங்கள். அவர் எதைச் சாப்பிடுகிறார், எதை ஒதுக்குகிறார் என்று பாருங்கள். பல்செட் தண்ணீர் டம்ளரிலேயே கிடக்கிறதா? எடை குறையும்போது ஈறும் வற்றி பல்செட் லூசாகிவிடும், போட்டால் உரசிப் புண்ணாகும், அதனால் கழற்றி வைத்துவிடுவார்கள். பிறகு கடலை இல்லை, காய் இல்லை, கறி இல்லை, காபியில் ஊறவைத்த ரொட்டியும் மோர் ஊற்றிக் கரைத்த சோறும்தான். "சாப்டாச்சு" என்பது உண்மைதான், அதில் புரதம் எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பாரை வியாழக்கிழமை வரை சூடு பண்ணிக்கொண்டிருக்கலாம். ஒரு ஆளுக்காக யார் அடுப்பைப் பற்றவைப்பது என்று தோன்றிவிடும். ஐம்பது வருடம் இன்னொருவருக்குப் பரிமாறிய பிறகுதான் தன் தட்டை எடுத்தவருக்கு, தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு மேல் மனச்சோர்வு. நம் அம்மாக்கள் "மனசு சரியில்லை" என்று டாக்டரிடம் சொல்லமாட்டார்கள். பசிக்கல, ருசியே இல்ல, விடியற்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, டிவி போடக்கூடப் பிடிக்கல என்றுதான் சொல்வார்கள். முதியவர்களின் எடைக் குறைவுக்கு மனச்சோர்வு மிக முக்கியமான காரணம், அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. அப்பா போனது இயல்பான துக்கம்தான், அதற்காக ஒன்றரை வருடம் உடம்பு கரைவதை நாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஒரு மனநல மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஞாபக மறதியும் கூடவே ஆரம்பித்திருக்கிறதா என்று அவரே பார்ப்பார். சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிடாமலே இருந்துவிடுவதும் மறதி நோயில் உண்டு.

அப்புறம் மாத்திரை டப்பா. அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைத்து வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன, ஏற்கெனவே மெலிந்தவருக்கு அது இன்னும் எடையைக் குறைக்கும். இதயத்துக்கான டிகாக்ஸின் அளவு கூடினால் குமட்டலும் பசியின்மையும் வரும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். டாக்டர் சொன்ன பத்தியத்தையும் மறுபடி கேளுங்கள். உப்பில்லை, எண்ணெயில்லை, சர்க்கரையில்லை என்று பத்து வருடம் முன்பு 65 கிலோ இருந்தபோது போட்ட கட்டுப்பாட்டை இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் இருக்கலாம். இட்லிக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம் என்றாலே இரண்டு இட்லி கூட இறங்கும்.

உறவுக்காரப் பெண் யாராவது மதியம் ஒரு வேளை வந்து சமைத்து, கூட உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்ய முடியுமா பாருங்கள். நீங்களும் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்பதற்குப் பதில், வீடியோவில் எதிரே உங்கள் தட்டையும் வைத்துக்கொண்டு கூடவே சாப்பிடுங்கள். வெளிநாட்டு நேரம் ஒத்துவராத பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது செய்யட்டும். மாதம் ஒரு முறை எடையைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பூச்சி மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும், பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுக்கும், அதனால் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போடுவதில் பெரும்பாலானவர்களுக்குத் தப்பில்லை (கர்ப்பமாக இருந்தால் கேட்காமல் போடக் கூடாது). ஆனால் பெரியவர்களுக்கு ஐந்தாறு கிலோ இறங்கியிருந்தால் அதற்குப் பூச்சியை மட்டும் காரணம் சொல்லி மாதங்களைத் தள்ளாதீர்கள். மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளுத்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால், சாப்பிடும் கொழுப்பு செரிக்கவில்லை என்று அர்த்தம். நீண்ட நாள் குடிப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கணையம் கெட்டு இப்படி ஆகும். குடிக்காதவர்களுக்கும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் சேர்ந்து வரும் ஒரு வகை நம் தென்னிந்தியாவில் உண்டு. அதற்குச் செரிமான நொதி கேப்சூல் இருக்கிறது, சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் எடை ஏறும். பூச்சி மாத்திரையால் அது நடக்காது.

கேள்வி: மூன்று மாதத்தில் 10 கிலோ ஏறும் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். என் தம்பிக்குக் கொடுக்கலாமா? அல்லது முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் எடுத்துவிடலாமா? தம்பிக்கு 23 வயது, 5 கிலோ குறைந்திருக்கிறான்.

பதில்: பவுடர் வேண்டவே வேண்டாம். லேபிளில் என்ன இருக்கிறது என்றே தெரியாத இந்த மாதிரி சரக்கில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு போட்டால் பசி எடுக்கும், கன்னம் உப்பும், தராசு முள் ஏறும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உள்ளே சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். ஒருவேளை எடை குறைந்ததற்குக் காரணமே காசநோயாக இருந்தால் அது காட்டுத்தீயாகப் பரவ நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. இதை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

பேக்கேஜுக்கு முன்னால் ஒரு பொது மருத்துவரிடம் அரை மணி நேரம் பேசுவது அதிகப் பயன் தரும். பசி, மலம், சிறுநீர், காய்ச்சல், தூக்கம், மனசு, பழக்கங்கள், இதெல்லாம் கேட்டு உடம்பைத் தொட்டுப் பார்த்த பிறகு எதைத் தேடுவது என்று தெரியும். 23 வயதுப் பையனிடம் அவர் தனியாகப் பேச இடம் கொடுத்து நீங்கள் வெளியே வந்துவிடுங்கள், உங்கள் முன்னால் சொல்ல முடியாதது ஏதாவது இருக்கலாம். பொதுவாக முதல் சுற்றில் ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், ஈரல், எச்ஐவி, சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் போதும். அதில் ஏதாவது தென்பட்டால் அந்த வழியே மேலே போகலாம்.

எல்லாம் நார்மல் என்று வந்தால் குழம்ப வேண்டாம். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு முதல் தேடலில் காரணம் கிடைப்பதில்லை, அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பின்னாலும் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. அதற்காக ஃபைலை மூடிப் பரணில் போட்டுவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து அதே டாக்டரிடம் அதே ரிப்போர்ட்டுகளோடு போய்த் திரும்ப எடை பாருங்கள். தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் காய்ச்சலோ, இருமலோ, முழுங்குவதில் சிரமமோ வந்தால் மட்டும் அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.